தூக்கணாங்குருவியும் சலீம் அலியும்

பொருநைக் கரையில் பிறந்த எவருக்கும் தூக்கணாங்குருவியை அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. அம்பாசமுத்திரத்தை அடுத்த என் சிற்றூரில் நதியுண்ணிக் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து, காரும் பிசானமுமாக இருபோகம் விளையும். வயலின் நடுவே கிணறு. கிணற்றை ஒட்டிப் பனை. பனையோலை நுனிதோறும் சுரைக்குடுக்கையைக் கட்டித் தொங்கவிட்டாற்போலக் கூடுகள். மேற்கே பொதிகை நீலமாய் நிற்க, கீழ்க்காற்றில் அக்கூடுகள் ஆடும் காட்சி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. குறுந்தொகையிலேயே பனைமரத்துத் தூக்கணாங்குருவிக் கூடு இடம்பெற்றிருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் அதைப் பார்த்து வியந்து வந்திருக்கின்றனர்.

வியந்தோம், சரி. கவனித்தோமா? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி அவர்கள். அவரை நான் நேரில் கண்டதில்லை. ஆயினும் என் தொழிலையும் பார்வையையும் அமைத்துக் கொடுத்தவர் அவரே. அவர் வரலாற்றை எழுதப் புகுமுன் என் பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புப் படிக்கையில் என் கையில் எப்போதும் ஓர் உண்டிவில் இருக்கும். ஒருநாள் கிணற்றடிப் பனையிலிருந்து கூடு ஒன்றை அடித்து வீழ்த்தினேன். உள்ளே இருந்த வெள்ளை முட்டைகள் உடைந்து நாரெல்லாம் நனைந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் ஆச்சி தலையில் அடித்துக்கொண்டாள். ஆணும் பெண்ணுமாய்ச் சேர்ந்து கட்டி, மின்மினியைப் பிடித்து ஈரமண்ணில் ஒட்டி விளக்கேற்றி வைத்திருக்கும் குடும்பத்தைக் குலைத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. நான் கூட்டைப் பிரித்துப் பார்த்தேன். மண் கட்டி இருந்தது, மின்மினி இல்லை. பாதியில் நிற்கும் தொப்பி போன்ற கூடுகள் எதற்கு என்று கேட்டதற்கு, அவை ஆண்குருவி ஊஞ்சலாடுவதற்கு என்றார்கள் ஊரார். அதையும் நம்பினேன்.

ஆண்டுகள் கடந்தன. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் துறை விலங்கியல் என்று அந்நாளில் ஒரு பேச்சு உண்டு. நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். உறவினர் வீட்டு விசேஷங்களில் தவளை அறுக்கிற படிப்பா என்று கேட்டுச் சிரிப்பார்கள். பதில் சொல்லத் தெரியாது. அந்நிலையில், 1987 ஆம் ஆண்டு சூன் மாதம், இளங்கலை முதலாண்டை முடித்துவிட்டு ஊரில் இருந்தபோது, சலீம் அலி மறைந்த செய்தியை நாளிதழில் படித்தேன். உலகப் புகழ்பெற்ற அந்த அறிஞர் முறையான பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் என்ற வரியில் என் கண் நின்றது. விடுமுறை முடிந்ததும் கல்லூரி நூலகத்தில் அவர் எழுதிய நூல்களைத் தேடினேன்.

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் பம்பாயில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைக்குட்டியாய்ப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தியாப்ஜியும் அவர் துணைவி அமீதா பேகமும் தமக்குப் பிள்ளையில்லாத குறைதீர இக்குழந்தைகளை வளர்த்தனர். மாமன் வேட்டைப் பிரியர். மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. எனக்கு உண்டிவில், அவருக்குக் காற்றுத் துப்பாக்கி. தொடக்கம் இருவருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்!

வித்தியாசம் அடுத்த கணத்தில் இருக்கிறது. அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்கு அது கிடையாது. இது என்ன குருவி, இதை உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமனிடம் எடுத்துப்போனார். மாமனுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பையனை அதட்டி விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டு துரைக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1908 ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதைத் தொடும் சிறுவன் செத்த குருவி ஒன்றைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரரின் அறைவாசலில் நின்றான். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் காட்டியதோடு, இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து அடுக்கியிருந்த பறவைகளையும் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். பின்னாளில், 1985 இல், தம் தன்வரலாற்றுக்கு ஒரு சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படச் சலீம் அலி பெயர் சூட்டியது இந்த நிகழ்ச்சியை எண்ணித்தான்.

இப்படிக் கதை சொன்னால் அன்றிலிருந்து அவர் நேரே அறிஞராகிவிட்டார் என்று தோன்றும். அப்படியில்லை. படிப்பில் அவர் சோபிக்கவில்லை. தூய சவேரியார் கல்லூரியில் முதலாண்டே மலையாகிவிட, பர்மாவின் தவாய்ப் பகுதிக்குக் குடும்பத்தாரின் வுல்பிரம் சுரங்கத்தையும் மரவணிகத்தையும் பார்க்கப் போனார். அங்கே கணக்குப் புத்தகத்தைவிடக் காடே அவரை இழுத்தது. 1917 இல் திரும்பி வந்து வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். கூடவே அருட்தந்தை பிளாட்டரின் ஊக்கத்தால் சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். 1918 டிசம்பரில் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி ஒன்று காலியானபோது பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது அவர் கைக்கு எட்டவில்லை. 1926 இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அந்நாளில் நல்ல தொகை. பார்வையாளர்களுக்குப் பாடம் செய்த விலங்குகளைக் காட்டி விளக்க வேண்டும். இரண்டே ஆண்டில் சலித்துவிட்டது. 1928 இல் விடுப்பு எடுத்துப் பெர்லினுக்குச் சென்று, எர்வின் ஸ்திரேசமன் என்ற பேராசிரியரிடம் பயின்றார். பெட்டிக்குள் அடுக்கிய தோல்களைக் கொண்டு பெயர் சூட்டுவதோடு பறவையியல் முடிந்துவிடாது, உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது என்பதும் அறிவியலே என்ற எண்ணம் வேர்விட்டு வந்த காலம் அது. ஸ்திரேசமனைச் சலீம் அலி கடைசிவரை தம் குருவாகவே போற்றினார்.

1930 இல் தாயகம் திரும்பினார். வந்து பார்த்தால் பதவியே இல்லை! பணமில்லை என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். வயது முப்பத்து நான்கை நெருங்குகிறது. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை, பம்பாய் வாடகை கொடுக்க வழியும் இல்லை. கணவனும் மனைவியும் துறைமுகத்துக்கு அப்பால் கடலோரத்தில் இருந்த கிஹிம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலையிழந்தவனின் பகற்பொழுது எவ்வளவு நீளமானது என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த நீண்ட பகலில், வீட்டருகே மழைக்காலத்தில் கூடு கட்ட வந்த தூக்கணாங்குருவிக் கூட்டத்தை அவர் பார்க்கத் தொடங்கினார்.

எதைப் பார்த்தார்? நண்பர்களே, என் ஆச்சி சொன்ன குடும்பத்தை அவர் அங்கே காணவில்லை.

மழை தொடங்கியதும் ஆண்குருவிகள் தலையிலும் மார்பிலும் மஞ்சள் பூசிக்கொண்டு முதலில் வருகின்றன. பெண் ஒன்றும் உடன் இல்லை. நெல்லின் இலையிலோ தென்னை, பனை ஓலையிலோ அலகால் ஓரத்தைக் கீறி, பறந்தபடியே நீளமாகக் கிழித்தெடுத்து வருகின்றன. ஒரு கூட்டை முடிக்க ஓர் ஆண் 500 தடவை வரை போய்வரக்கூடும். முதலில் தொங்கும் முடிச்சு, பிறகு வளையம், பிறகு அதன்மேல் கூரை. தலைக்கவசத்தைத் தொங்கவிட்டு, நடுவே ஒரு குறுக்குப் பட்டை வைத்தாற்போல் இருக்கும் அந்த நிலையில் வேலை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகே பெண்குருவிகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஆண்கள் தத்தம் கூட்டில் தலைகீழாய்த் தொங்கிச் சிறகடித்துக் கூவுகின்றன. பெண் ஒவ்வொரு கூடாக நுழைந்து, நாரை இழுத்துப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுகிறது. எங்கள் ஊரில் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். இங்கே மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கப் பெண் வருகிறாள்.

பெண் ஏற்றுக்கொண்ட கூட்டை மட்டுமே ஆண் தொடர்ந்து கட்டி முடிக்கிறது. முட்டையறையை மூடிக் கீழ்நோக்கிக் குழலையும் நீட்டுகிறது. பெண் உள்ளே இரண்டு முதல் நான்கு முட்டைவரை இட்டு அடைகாக்க அமர்ந்ததும் தந்தையின் கடமை ஏறக்குறைய முடிந்தது. ஆண் அங்கேயே சற்றுத் தள்ளி இன்னொரு கூட்டுக்கு முடிச்சுப் போடத் தொடங்குகிறது. அதற்கும் ஒரு பெண் வந்தால் அதையும் முடிக்கும், பிறகு மூன்றாவது. ஆக, பாதியில் நிற்கும் தொப்பிக் கூடுகள் ஊஞ்சலும் அல்ல, ஓய்வறையும் அல்ல. எந்தப் பெண்ணும் ஏற்காமல் கைவிடப்பட்ட வீடுகள்! என் சிறுவயது ஐயத்துக்கு விடை இவ்வளவு எளிதாக இருந்தது.

இவற்றையெல்லாம் கூடுதோறும் நாள்தோறும் குறித்துவைத்து, 1931 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் கட்டுரையாக வெளியிட்டார். அவர் பெயரைப் பறவையியல் உலகில் நிலைநிறுத்திய முதற்கட்டுரை அது. அதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. பெரிய கருவியும் தேவைப்படவில்லை. எந்த உழவனின் கிணற்றடியிலும் கிடைக்கும் பறவை. பார்க்க ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவே. பிற்காலத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத இவரையே ஆய்வு நெறியாளராக ஏற்றது. இவரிடம் பயின்ற வி. சி. அம்பேத்கர் அதே குருவியை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள், பெண் கூட்டின் நெசவைவிட அது தொங்கும் இடத்தையே, அதாவது உயரமும் முள்ளும் நீரும் பாதுகாப்புத் தரும் இடத்தையே, பெரிதாய் எண்ணுகிறது என்று காட்டியுள்ளனர். கிணற்றின்மேல் சாயும் கிளையில் கூடு மிகுவதன் காரணம் இதுதான் போலும். மண் கட்டி எதற்கு என்பதில் மட்டும் இன்னும் பல கருத்துகள் உண்டு. காற்றில் கூடு நிலைகொள்ளவே என்பது அவற்றில் ஒன்று.

கட்டுரை புகழ் தந்தது, சோறு தரவில்லை. அடுத்து அவர் செய்தது துணிச்சலான ஏற்பாடு. சமஸ்தானங்கள் முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும், ஊதியம் வேண்டாம், பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். முதலில் ஐதராபாத், பின்னர் 1933 இல் திருவிதாங்கூரும் கொச்சியும். நம் பொதிகையின் மேற்குச் சரிவு அன்று திருவிதாங்கூருக்கு உரியது; செங்கோட்டையும் அப்போது அந்த நாட்டைச் சேர்ந்ததே. மலையின் இரு சரிவுக்கும் எல்லைக்கோடு உண்டு. இருவாய்க்குருவிக்கு அது ஏது? அந்தப் பயணத்தின் பயனாய் வந்த நூல் பிற்பாடு கேரளப் பறவைகள் என்ற பெயரில் விரிந்தது. இன்றும் எங்கள் பக்கத்து மலைக்காட்டுப் பறவைகளைப் பற்றி அறிய அதைப் புரட்டாமல் இருப்பதில்லை. முகாம்தோறும் தெஹ்மினா அம்மையார் உடன் சென்றார். வசதியான வீட்டில் பிறந்து இங்கிலாந்தில் கல்வி பயின்ற அப்பெண்மணி, மாட்டுவண்டியிலும் அட்டைக் காட்டிலும் அலைந்ததை வரலாறு ஓரிரு வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறது. எனக்கு அது குறையாகவே படுகிறது. 1939 இல் சிறிய அறுவை ஒன்றைத் தொடர்ந்து அவர் காலமானார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையின் இல்லத்தில் வாழ்ந்து வேலையிலேயே மூழ்கினார்.

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: பறவைகளைக் காத்தவர் என்கிறீர்களே, அவர் துப்பாக்கி எடுத்துச் சென்றாரே? ஆம், எடுத்துச் சென்றார். கணக்கெடுப்புகளில் ஏராளமான பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தார். அதை அவர் மறைத்ததும் இல்லை, வருந்தியதும் இல்லை. இனம் பிரித்தறியத் தோல் வேண்டும், தேவைக்கு மேல் கூடாது என்பது அவர் கட்சி. நான் அதை முழுவதும் ஏற்க முடியாதவன். ஆனால் முட்டை உடைத்த கையோடு அவரைக் குற்றம் சொல்லவும் துணியேன். அவர் சேர்த்த அத்தோல்களும் குறிப்புகளும் இல்லாவிடில் எந்தப் பறவை எங்கே இருந்தது, எங்கே இல்லாமல் போனது என்று இன்று நாம் பேசவே முடியாது. இரண்டும் உண்மை.

1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப்படத்தோடு, எளிய நடையில், எவரும் கையில் வைத்துக்கொண்டு பறவையை இனங்காணும்படி அமைந்தது. நேரு பெருமகனார் சிறையிலிருந்தபடி அதன் படி ஒன்றைத் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார் என்பர். விடுதலைக்குப் பின் பணமுடையால் தள்ளாடிய இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதே நேருவிடம் எழுதி உதவி பெற்றவரும் இவரே. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதி முடிந்தபோது அவருக்கு வயது 78 ஆகியிருந்தது.

நம் தமிழகத்தோடு அவருக்கிருந்த தொடர்பையும் சொல்ல வேண்டும். 1957 இல் கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதரும் ஒரு புதுக் காய்ச்சலால் மடிந்தனர். சைபீரியாவில் காணப்பட்ட நோயோடு அதற்கு ஒற்றுமை இருக்கவே, வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவோ என்ற ஐயம் பிறந்தது. அதை அறிய உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் பெரும்பணியைச் சலீம் அலி தலைமையில் கழகம் மேற்கொண்டது. தஞ்சைக் கடற்கரையின் கோடிக்கரை அப்பணியின் முக்கியக் களங்களுள் ஒன்றாயிற்று. 1967 இல் அது சரணாலயமும் ஆயிற்று.

பத்மபூஷண் 1958 இல், பத்மவிபூஷண் 1976 இல், மாநிலங்களவை நியமனம் 1985 இல். உலக வனவிலங்கு நிதியத்தின் கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியாக்கினார். 1987 சூன் 20 ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பிய நிலையில், பம்பாயில் காலமானார். 1990 இல் கோவையில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் எழுந்தது. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948 இல் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று 1972 இல் புது இனமென்று அறியப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. பின்னாளில் அது நம் அகத்தியமலைக் காடுகளிலும் காணப்பட்டது. அவர் பெயர் தாங்கிய ஓர் உயிர் எங்கள் மலையில் இரவுதோறும் பறக்கிறது என்று எண்ணும்போது எனக்குள் ஒரு பூரிப்பு.

1987 ஆம் ஆண்டுப் பிசானப் பருவத்தில் கல்லூரி விடுமுறை நாட்களில் நான் எங்கள் கிணற்றடியில் மோட்டார் அறையின் நிழலில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தேன். கண்ணாடிக்கருவி கிடையாது. கண்டதை மட்டும் எழுதுவது என்பது என் விரதம். முதல் இரண்டு நாள் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாக் குருவியும் ஒன்றுபோல் இருந்தன. மூன்றாம் நாள் தொப்பிக் கூடு ஒன்றில் பெண் நுழைந்து நாரை இழுத்ததைக் கண்ணால் கண்டேன். ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னேன். மின்மினி விளக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் உன் பம்பாய்க்காரன் என்று கேட்டாள். அவர் அதைக் கண்டதாக எழுதவில்லை என்றேன். இராத்திரி போய்ப் பார்த்தானாமா என்றாள். நியாயமான கேள்வி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றிரவே டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தேன், கூடுகள் இருண்டிருந்தன. வரப்பில் மட்டும் மின்மினிகள் பறந்தன.

அந்தப் பனை இப்போது இல்லை. செங்கல் சூளைக்குப் போயிற்று. வயலில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. சென்ற ஆண்டு நம் துறை மாணவர் சிலரைத் திருப்புடைமருதூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஆற்றங்கரைக் கோயில் மருதமரங்களில் அடையும் பறவைகளுக்காக 2005 இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கொக்கையும் நாரையையும் எண்ணி முடித்துத் திரும்பும் வழியில் மாணவர் ஒருவர் பேருந்தை நிறுத்தச் சொன்னார். சாலையோரக் கிணற்றில் சாய்ந்திருந்த கருவேலமரத்தில் ஏழெட்டுக் கூடுகள் தொங்கின. பனை போனால் குருவி முள்மரத்துக்கு வந்துவிட்டது.

இறங்கி நின்றோம். ஒரு தொப்பிக் கூட்டுக்குப் பெண்குருவி ஒன்று வந்தது, நுழைந்தது, இருமுறை நாரை இழுத்தது, பறந்துவிட்டது. மாணவர் மணி பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆண்குருவி சற்று நேரம் சிறகடித்தபடியே தொங்கிக் கிடந்தது. பிறகு நெல்வயலை நோக்கிப் போயிற்று. திரும்பி வந்தபோது அலகில் ஒரு நீண்ட பச்சைக் கீற்று இருந்தது.